கொன்றையைப் பார்த்துக் கொன்றை செய்தல்: பத்து காவான் காகிதப்பூ அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தின் பத்து காவான், பண்டார் காசியா, சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் வட்டாரங்களில் ஓய்வு நேரத்தில் காகிதப்பூ செய்துவரும் அன்பர்களுக்கும், தமிழ்ப்பள்ளிகளில் கைவேலை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

தமிழில் காகிதப்பூ, மலாயில் புங்கா கெர்த்தாஸ். இரண்டு மொழிகளும் ஒரே செடிக்கு ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கின்றன. வேலியோரங்களிலும் வீட்டு வாசல் தொட்டிகளிலும் படர்ந்து கிடக்கும் அந்தச் செடியின் ஊதாச் சிவப்புப் ‘பூ’ ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் காகிதப்பூக் கலையின் முதல் பாடம் அதிலேயே இருக்கிறது. மெல்லிய தாள் போன்ற அந்த மூன்று மடல்களும் இதழ்கள் இல்லை. நிறம் மாறிய இலைகள். பூவடிச் செதில் என்பது தாவரவியலில் அவற்றின் பெயர். உண்மையான பூக்கள் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொரு மடலின் நடு நரம்போடும் ஒரு சிறு குழல் ஒட்டியிருக்கும். அதன் வாய் வெள்ளையாக விரிந்து நட்சத்திரம் போலத் தெரியும். மூன்று மடலுக்கு மூன்று பூ. பெரும்பாலும் ஒன்று விரிந்திருக்க, மற்றவை மொட்டாகவே நிற்கும்.

ஊதாத் தாளில் மூன்று மடல்களை வெட்டி ஒட்டினால் ஓர் அலங்காரப் பொருள் கிடைக்கும். அந்த மூன்று வெள்ளைக் குழல்களையும் சேர்த்து, ஒன்றை மட்டும் விரித்து வைத்துவிட்டால், பார்ப்பவரின் கை தொட்டுப் பார்க்கத் தானாக நீளும். அலங்காரக் காகிதப்பூவுக்கும் அசல் போன்ற காகிதப்பூவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். விரல்களின் திறமை பழகப் பழக வரும். பூவைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அப்படித் தானாக வருவதில்லை. அதை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

அலங்காரக் காகிதப்பூ தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. பினாங்கு மாநிலத்தில் அதற்கு வளமான மரபு உண்டு. மலாய்த் திருமண ஊர்வலத்தில் கொம்பாங் மேளத்தோடு ஏந்திச் செல்லும் புங்கா மங்கார், தென்னை ஈர்க்குகளில் பளபளக்கும் வண்ணத்தாளைச் சுற்றி, கோலின் உச்சியிலிருந்து தென்னம்பாளை வெடித்து விரிந்ததுபோலச் செய்யப்படுவது. விருந்தினர்களுக்கு முட்டையோடு சேர்த்துக் கொடுக்கும் புங்கா தெலூரிலும் செயற்கைப் பூ ஒன்று இருக்கும். சீனர்களின் ஏழாம் மாத வழிபாட்டில் ஆளுயரத்துக்கும் மேலான காகித உருவங்கள் செய்யப்பட்டு, இறுதி நாளில் எரிக்கப்படுகின்றன. தமிழரிடமும் இதற்கு நிகரான ஒன்று நெடுங்காலமாக உண்டு. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான, எடையே இல்லாத தண்டைச் சீவிப் பூக்களும் கோபுரங்களும் செய்வது தஞ்சாவூர்க் கலை; 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுப்பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் நெட்டி மாலை கட்டும் வழக்கம் காவிரிப் பகுதியில் இன்றும் தொடர்கிறது. இன்னும் பின்னே போனால், பாணர்களுக்கு அரசர்கள் பொன்னால் செய்த தாமரையைப் பரிசாகச் சூட்டியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. இந்தப் பூக்களெல்லாம் ஒரு மங்கலத்தையோ மரியாதையையோ குறிக்கப் பிறந்தவை. எந்தச் செடியில் பூத்த எந்தப் பூ என்ற கேள்வியை அவற்றிடம் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் காகிதத்திடம் மிகக் கறாராகக் கேட்டவர் இங்கிலாந்தின் மேரி டெலானி. 1700-இல் பிறந்த அவர், கணவரை இழந்தபின், 1772-இல் தம் 72-ஆம் வயதில் வண்ணத்தாளைக் கத்தரித்துக் கருப்புத் தாளின்மேல் ஒட்டிப் பூச்செடிகளை உருவாக்கத் தொடங்கினார். கண்பார்வை மங்கி நிறுத்தும்வரை பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் செடிகளைச் செய்து முடித்தார். அவற்றுள் 985 இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே பூவுக்கு 200-க்கும் மேற்பட்ட துண்டுகளை வெட்டிய இடங்களும் உண்டு. அவர் ஓவியத்தைப் பார்த்துச் செய்தவரல்லர். உயிருள்ள செடியையே எதிரில் வைத்து, இதழையும் மகரந்தத் தாளையும் எண்ணிச் செய்தார். தாவரவியல் பெயரையும் நாளையும் இடத்தையும் குறித்து வைத்தார். அக்காலத்தின் பெரிய தாவரவியலாளரான ஜோசப் பேங்க்ஸ், தவறு நேரும் என்ற அச்சமின்றி அறிவியல் விவரிப்புக்கே எடுத்துக்கொள்ளத்தக்கவை அவை என்று மதித்தார். டெலானியின் பூக்கள் தட்டையானவை. இன்று செய்யப்படும் பூக்கள் முப்பரிமாணம் கொண்டவை. ஆனாலும் முறை ஒன்றுதான்: செடி எதிரில் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு முன்மாதிரி ஜெர்மனியில் இருக்கிறது. 1866-இல் ராபர்ட் பிரெண்டல் தொடங்கிய நிறுவனம் காகிதக்கூழும் மரமும் பஞ்சும் கொண்டு பெரிய அளவில் பூ மாதிரிகளைச் செய்து பல்கலைக்கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பியது. இதழைக் கழற்றலாம், சூலகத்தைத் திறந்து உள்ளே பார்க்கலாம். அதுபோல, நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் தாமே வெட்டி ஒட்டிய செம்பருத்தியின் சூல்தண்டை மறக்கமாட்டார். கைவேலைப் பாடமும் அறிவியல் பாடமும் ஒரே மேசையில் சேரும் அரிய இடம் இது. தமிழ்ப்பள்ளிகள் இதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

இனி, எந்தப் பூவைச் செய்வது என்ற கேள்வி. கடைகளில் கிடைக்கும் அச்சு வார்ப்புருக்களும் புத்தகங்களும் ரோஜா, பியோனி, டேலியா, செர்ரி என்றே தொடங்குகின்றன. பியோனி குளிர்நாட்டுச் செடி, பினாங்கில் வளராது. பார்க்காத பூவைச் செய்பவர் வார்ப்புருவை நம்புகிறார். வார்ப்புரு தவறினால் திருத்த வழியில்லை. ரோஜா கிடைக்கும் பூதான். ஆனால் சந்தைக்கு வரும் ரோஜாவின் இதழடுக்கு தொடக்கநிலையில் இருப்பவருக்கு மிகக் கடினம். இந்த வட்டாரத்தில் தொடங்குபவர் தொடங்க வேண்டிய பூ வேறொன்று. அதன் பெயர் ஊர்ப்பலகையிலேயே இருக்கிறது.

கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவானின் தோட்டநிலத்தில் எழுந்த புதுநகரத்துக்குப் பண்டார் காசியா என்று பெயர். காசியா என்பது கொன்றைப் பேரினத்தின் தாவரவியல் பெயர். சரக்கொன்றை அப்பேரினத்தின் தலைமகள். காசியா ஃபிஸ்டுலா என்பது அதன் முழுப்பெயர். சிவபெருமான் சூடும் பூ அது. ஔவையாரின் ‘கொன்றை வேந்தன்’ வழியாகத் தமிழ்ப் பிள்ளைகள் அகரம் படிக்கும் பருவத்திலேயே அந்தப் பெயரைக் கேட்டுவிடுகிறார்கள். பெயரைக் கேட்டவர்களில் பூவை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. மஞ்சளாகப் பூக்கும் சாலையோர மரமெல்லாம் கொன்றை என்று நினைப்பதும் உண்டு. தரையில் மஞ்சள் கம்பளம் விரிக்கும் அங்சானா வேறு மரம். அதன் பூ சிறியது, அவரைப் பூவின் வடிவம் கொண்டது. கொன்றை சரமாகத் தொங்கும். ஒரு சரம் 20 முதல் 40 செண்டிமீட்டர் நீளம் இருக்கும்.

காலையில் உதிர்ந்த புதிய பூ ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பிரிக்க வேண்டும். பின்பக்கம் பச்சையாக ஐந்து புல்லிகள், பூ விரிந்ததும் பின்னோக்கி மடங்கியவை. அடுத்து ஐந்து இதழ்கள். அவை முட்டை வடிவில் அகன்று, அடியில் மட்டும் திடீரெனக் குறுகி ஒரு சிறு காம்பாக முடிகின்றன. இதழில் நரம்புகள் வெளியே தெரியும். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். பத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மூன்று மிக நீளமானவை, கொக்கிபோல வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை; நான்கு குட்டையானவை; மீதி மூன்று இன்னும் சிறியவை. அவற்றுக்கு நடுவே பச்சை நிறத்தில் வளைந்த ஒரு சூலகம். பின்னாளில் அதுதான் கறுத்த நீண்ட குழாய் போன்ற காயாகும். கூட்டினால் ஐந்து, ஐந்து, பத்து, ஒன்று: மொத்தம் 21 துண்டுகள். கொன்றைக்கு உயிர் கொடுப்பது அந்த மூன்று நீள வளைவுகள்தாம். அவற்றை விட்டுவிட்டுப் பத்தையும் ஒரே அளவில் வைத்தால் ஏதோ ஒரு மஞ்சள் பூ கிடைக்கும், கொன்றை கிடைக்காது.

பிரித்த உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளவையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாளே வார்ப்புரு. கைப்பேசியில் பூவின் முகம், முதுகு, பக்கவாட்டு என மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொள்வதும் உதவும். முதுகுப்படத்தை எடுக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொங்கும் சரத்தில் பாதிப் பூக்களின் முதுகுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது தாள். அசல் போன்ற பூவுக்குச் சுருக்கம் விழுந்த கிரேப் காகிதமே அடிப்படை. அதில் இருக்கும் நுண்மடிப்புகள் ஒரே திசையில் ஓடுகின்றன. அந்த மடிப்புகளுக்குக் குறுக்காக இழுத்தால் தாள் நீளும்; மடிப்பின் வழியே இழுத்தால் நீளாது. இந்த ஒரு குணத்தில்தான் மொத்தக் கலையும் நிற்கிறது. இதழின் அடியிலிருந்து நுனிக்கு மடிப்புகள் ஓடுமாறு தாளை வைத்து வெட்ட வேண்டும். அப்போது மடிப்புகளே இதழின் நரம்புகளாகத் தோன்றும். இரண்டு கட்டைவிரல்களையும் இதழின் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் மெல்ல விரித்தால் இதழ் கிண்ணம்போல் குழியும். ஓரத்தை மட்டும் விரல்நுனியால் இழுத்தால் ஓரம் அலையடிக்கும். இழுத்த தாள் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே குறைவாக இழுத்துத் தொடங்குவதே முறை. தாளைத் தவறான திசையில் வெட்டிவிட்டால் எந்த விரல் திறமையும் அதைக் காப்பாற்றாது.

கிரேப்பிலும் வகைகள் உண்டு. பள்ளிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் மெல்லிய கிரேப் மலிவானது. நிறம் சீக்கிரம் வெளுக்கும், ஈரம் பட்டால் சாயம் கசியும். பயிற்சிக்கு அது போதும். இத்தாலியில் செய்யப்படும் 180 கிராம் தடித்த கிரேப் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். தாமரை, ரோஜா போன்ற குழிந்த இதழ்களுக்கு அது சிறந்தது. ஜெர்மன் இரட்டைக் கிரேப் இரண்டு தாள்களை ஒட்டிச் செய்யப்பட்டது. ஒருபுறம் ஒரு நிறமும் மறுபுறம் வேறு நிறமும் இருப்பதால் இலைகளுக்கும் அரளி, நாகமல்லி போன்றவற்றுக்கும் பொருந்தும். கொன்றைக்குத் தடித்த தாள் கூடாது. அதன் இதழ் மெலிந்தது, வெளிச்சம் ஊடுருவுவது. தடித்த கிரேப்தான் கையில் இருக்கிறது என்றால் அதை முழுவதும் இழுத்து நீட்டி, மடிப்புகளை ஏறத்தாழ நீக்கிவிட்டு வெட்டலாம்.

கம்பியின் தடிமன் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 18 அல்லது 20 எண் முதன்மைத் தண்டுக்கு, 26 முதல் 30 வரை தனிப்பூவின் காம்புக்கு. பூவேலைக்குரிய பச்சை டேப், பார்வைக்குச் சாதாரணத் தாள்நாடா போலிருக்கும். மெழுகு பூசியது, இழுத்தால்தான் ஒட்டும். சுருளிலிருந்து அப்படியே எடுத்துச் சுற்றிவிட்டு ஒட்டவில்லை என்று சலித்துக்கொள்வது தொடக்கக்காரர்களிடம் வழக்கம். பசைக்குப் பள்ளிகளில் பயன்படும் வெள்ளைப் பசை போதுமானது. சூட்டுப்பசைத் துப்பாக்கி விரைவாக ஒட்டும் என்றாலும், இணைப்பில் கட்டி நிற்கும், நூல்நூலாக இழுபடும். நுண்மையான பூவுக்கு அது உதவாது, சிறுவர் கைக்கும் ஆகாது. கத்தரிக்கோல் சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். தாளுக்கு என்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் அதன் கூர் நிலைக்கும்.

கொன்றை செய்யும் வரிசை உள்ளிருந்து வெளியே போகிறது. 28 எண் கம்பியின் நுனியில் பச்சைத் தாளை முறுக்கி வளைந்த சூலகத்தை முதலில் அமைப்பது. மஞ்சள் கிரேப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டி, பசை தொட்ட விரல்களுக்கிடையே உருட்டினால் மகரந்தத் தாளுக்கான இழை கிடைக்கும்; நுனியில் பழுப்பு வண்ணத்தை ஊசிமுனை அளவு தொட்டு வைத்தால் மகரந்தப்பை. மூன்று நீள இழைகளையும் பசை முழுதும் உலர்வதற்குள் ஒரு பென்சிலின்மேல் வைத்து வளைத்துவிட வேண்டும். உலர்ந்தபின் வளைத்தால் முறியும். பத்து இழைகளையும் சூலகத்தைச் சுற்றி மெல்லிய நூலால் கட்டி, ஐந்து இதழ்களையும் ஒவ்வொன்றாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டலாம். ஐந்தையும் அச்சடித்ததுபோல் ஒரே அளவில் வெட்டத் தேவையில்லை. மரத்தில் உள்ள பூவிலும் அவை சற்று முன்பின்னாகவே இருக்கின்றன. கடைசியில் ஐந்து புல்லிகள், நுனி பின்னோக்கி மடங்கியபடி. காம்புக்குப் பச்சை டேப் தடித்துத் தெரியும். கிரேப்பை மூன்று மில்லிமீட்டர்ப் பட்டையாக வெட்டிப் பசையோடு சுற்றினால் காம்பு அசலின் மெல்லிய தன்மையைப் பெறும். காம்பு நீளமாக, நான்கைந்து செண்டிமீட்டர் இருக்க வேண்டும். பூ காற்றில் ஆடுவது அந்த நீளத்தால்தான்.

சரத்தைக் கட்டுவது நுனியிலிருந்து தொடங்கும். சரத்தின் நுனி கீழே தொங்குவது. அங்கேதான் மிகச் சிறிய மொட்டுகள். பஞ்சை மிளகளவு உருட்டிப் பச்சை கலந்த மஞ்சள் தாளால் மூடினால் மொட்டு. மேலே போகப் போக மொட்டுகள் பருக்கும், மஞ்சள் கூடும், பிறகு பாதி விரிந்தவை, கிளையை ஒட்டிய பகுதியில் முழுதும் விரிந்தவை. இருபது விரிந்த பூக்கள் கொண்ட சரத்துக்கு 420 துண்டுகள், மொட்டுகள் தனி. ஒருவர் தனியாக உட்கார்ந்தால் பல மாலை நேரங்கள் பிடிக்கும். குழுவாகச் செய்பவர்களுக்கு இது ஏற்ற வேலை: ஒருவர் இழை உருட்ட, ஒருவர் இதழ் வெட்ட, ஒருவர் மொட்டு செய்ய, கட்டுவதை மட்டும் எல்லாரும் முறைவைத்துச் செய்யலாம். சரத்தின் மேற்பகுதியில் ஓரிரு காம்புகளில் இதழே இல்லாமல், உதிர்ந்துபோன பூவின் பச்சைச் சூலகத்தை மட்டும் விட்டுவைப்பது நல்ல உத்தி. எல்லாப் பூவும் ஒரே நாளில் விரிந்து நிற்கும் சரம் எந்த மரத்திலும் இல்லை.

இலை சேர்ப்பதாக இருந்தால் ஒரு குறிப்பு. கொன்றையின் கூட்டிலையில் சிற்றிலைகள் எதிரெதிராக, நான்கு முதல் எட்டு இணைகள் வரை இருக்கும்; நுனியில் தனி இலை கிடையாது. கறிவேப்பிலை போன்ற கண் பழகிய கூட்டிலைகளின் நினைவில் நுனியில் ஓர் இலையை ஒட்டிவிடுவது எளிதில் நேரும் பிழை.

கொன்றைக்குப் பின் கை பழகியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே வேறு பூக்கள் காத்திருக்கின்றன. செம்பருத்தி 1960-இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அதன் ஐந்து இதழ்களும் சுருள்போல ஒன்றன் ஓரம் மற்றதன்மேல் ஏறி நிற்கும். அடுக்கும் திசை ஒரே பூவுக்குள் மாறக்கூடாது. நடுத்தண்டு இதழைத் தாண்டி வெளியே நீண்டு, மேல்பாதியில் மகரந்தத்தாள்களைத் தாங்கி, உச்சியில் ஐந்து சிவந்த பொட்டுகளாகப் பிரியும். நான்கு பொட்டு வைத்த செம்பருத்திகள் பள்ளி மேடைகளில் நிறையத் தொங்குகின்றன. புல்லிவட்டத்துக்கும் கீழே இன்னொரு சிறு பச்சை வளையம் உண்டு. அதைச் சேர்த்தவுடன் பூவின் முதுகு மாறிவிடும்.

இட்லிப்பூவுக்கு மலாயில் புங்கா ஜாரூம், ஊசிப்பூ என்று பெயர். விரியாத மொட்டு ஊசியாக நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். சங்கத் தமிழில் அதுவே வெட்சி. அதற்கு இதழ் நான்கு. பழக்கத்தில் ஐந்து வெட்டிவிட்டால் கொத்து முழுவதும் பொய்யாகிவிடும். கம்போஜாவின் ஐந்து இதழ்களும் காற்றாடி போல ஒருபுறம் மேலும் மறுபுறம் கீழுமாகப் பின்னியிருக்கும். மகரந்தத்தாள் எதுவும் வெளியே தெரியாது. இதழ் தடித்தது என்பதால் இரண்டு தாள்களைப் பசையால் ஒட்டி, ஈரம் காயுமுன் வடிவம் கொடுப்பது நல்லது. மலாய்க்காரர்களின் இடுகாடுகளில் நடப்படும் மரம் அது. ஆகவே மகிழ்ச்சியான நிகழ்வுக்கு அன்பளிப்பாகக் கொடுக்குமுன் பெறுபவரின் வழக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மல்லிகை காகிதத்துக்கு ஏற்ற பூ அன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் பாதி அழகு மணத்தில் இருக்கிறது. நடனக் கலைஞர்கள் சூடும் செயற்கை மல்லிகைச் சரம் மேடைக்குப் போதும், அருகில் வைத்துப் பார்க்க அது ஆறுதல் தராது. கனகாம்பரம் அப்படியில்லை. அதற்கு மணமே கிடையாது. ஆகவே காகிதத்தில் எதையும் இழப்பதில்லை. நீண்ட குழலின் ஒரு பக்கத்தில் மட்டும் விசிறிபோல விரிந்து ஐந்து பிரிவாகும் ஒற்றை இதழ் அதற்கு. ஒரே துண்டில் வெட்டலாம். நாகலிங்கம் கைதேர்ந்தவர்களுக்கு உரியது. பினாங்குத் தாவரவியல் பூங்கா 1884-இல் தொடங்கப்பட்டது. அங்கே வளரும் நாகலிங்க மரங்களில் அடிமரத்திலேயே பூ வெடித்து நிற்பதைப் பார்க்கலாம். 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தபின் பத்து காவானிலிருந்து அந்தப் பூங்கா இருக்கும் தீவுக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. நாகலிங்கப் பூவுக்கு ஆறு சதைப்பற்றான இதழ்கள், அவற்றின்மேல் படமெடுத்த பாம்புபோல் கவிந்த மகரந்தக் கவிகை, அடியில் இலிங்கம் போன்ற சூலகம். கவிகையின் இழைகளை எண்ணி முடிக்கவே ஒரு நாள் ஆகும்.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய தாளின் நிறம் ஒரே சீராக இருக்கும். பூவின் நிறம் அப்படி இருக்காது. கொன்றையின் புதிய இதழ் அடர்மஞ்சள், பழையது வெளிறியது. சாக்குக்கட்டி வகை பேஸ்டல் வண்ணத்தைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி, மென்மையான தூரிகையால் இதழின் அடியிலிருந்து மேல்நோக்கித் தடவினால் நிறம் படிப்படியாக மங்கும். வெளிர் நிறத் தாளின் ஓரத்தைத் தேநீரில் தோய்த்து உலர்த்தினால் வாடத் தொடங்கிய பழுப்பு வரும். இலையில் புழு தின்ற ஒரு துளையும் காய்ந்த ஒரு நுனியும் இருந்தால் மிச்சமுள்ள இலைகள் எல்லாவற்றையும் கண் நம்பிவிடுகிறது. அதற்காக எல்லா இலையிலும் துளை போடுவது கூடாது. பத்தில் ஒன்று போதும்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லாத ஒரு பகை இந்த வட்டாரத்தில் உண்டு: ஈரம். பினாங்கின் காற்று ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் கொண்டது. காகிதம் அந்த ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது. இழுத்துக் குழித்த இதழ் சில வாரங்களில் தட்டையாகத் தொங்கிவிடும். பெரிய இதழ்களின் முதுகில் 30 எண் கம்பியை ஒட்டி மறைப்பது ஒரு வழி. முடித்த பூவின்மேல் பளபளப்பில்லாத அக்ரிலிக் தெளிப்பானை இரண்டு முறை மெல்லியதாக அடிப்பது மற்றொன்று. திறந்த வெளியில், முகத்தை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. உருக்கிய மெழுகில் தோய்க்கும் பழைய முறை ஈரத்தைத் தடுக்கும், ஆனால் இந்த வெப்பத்தில் தூசு ஒட்டிக்கொண்டு பூ மங்கிவிடும். மைதாப் பசையும் சோற்றுப் பசையும் வேண்டவே வேண்டாம். கரப்பானும், புத்தக அலமாரியில் ஓடும் வெள்ளிப்பூச்சியும் மாவுப்பொருளைத் தேடி வருபவை. ஒரே இரவில் இதழின் அடியை அரித்துவிடும். எடுத்து வைக்கும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்களைப் போட்டுவைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் மலிவான தாள் சில வாரங்களிலேயே வெளுத்துவிடும்.

நெருப்பு ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து. கிரேப் காகிதம் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். மடிப்புகளுக்கிடையே நிற்கும் காற்று தீயை வேகமாகப் பரப்பும். நவராத்திரிக் கொலுவில் குத்துவிளக்குக்கு அருகிலும், கற்பூரத் தட்டு சுற்றும் இடத்திலும், ஊதுவத்திக்கு மேலும் காகிதப்பூவை வைக்கக் கூடாது. தைப்பூசக் காவடிகளில் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். இறைவனுக்குச் சாத்துவதற்கு உண்மைப் பூவே உரியது என்பது வழக்கம், அந்த வழக்கம் சரியானதே. காகிதக் கொன்றையின் இடம் பள்ளியின் அறிவியல் மூலை, வரவேற்பறை, திருமண மண்டபத்தின் நுழைவாயில், கலைவிழா மேடை. ஆண்டுக்கணக்கில் தூசு படிந்து வெளுத்துத் தொங்கும் நெகிழித் தோரணங்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டால் ஊருக்கு நல்லது.

வறண்ட நாள்களைத் தொடர்ந்து கொன்றை இலையைக் குறைத்துக்கொண்டு சரம்சரமாகப் பூக்கிறது. அப்படிப் பூக்கும்போது மரத்தை ஒடிக்க வேண்டாம். விடிந்ததும் அடியில் போய் உதிர்ந்ததில் வாடாத ஒரு பூவை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, அடுத்த கைவேலைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் பத்து மகரந்தத் தாள்களையும் எல்லாரும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.